யோகமலரின் தோளுக்கு ஒரு துவக்கு

யோகமலரின் தோளில் இருந்த கண்டல் காயத்தை முதலில் பார்த்தவள் நான். அதை வெளியில் கொண்டுபோய்ச் சொன்னவளும் நான்தான்.

1995 செப்ரெம்பர் மாதம். ரொறன்ரோவை அடுத்த மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அடைத்து அனுப்பும் சமையற்கூடம் ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். இருவருக்கும் வீடு மல்வேர்னில், ஒரே மாடிக் கட்டடத்தில். விடியற்காலை ஐந்து மணிக்கு வேரோனிக்கா தன் காரில் எங்களை ஏற்றிக்கொள்வாள். அவளும் அங்கேதான் வேலை. பொதிசெய்யும் பகுதிக்குப் பொறுப்பானவள். வேலைக்கு முன் உடைமாற்றும் அறையில் வெள்ளைக் கோட்டும் தலைவலையும் போடவேண்டும். அன்று யோகமலர் சுவெற்றரைக் கழற்றியபோது உள்ளே போட்டிருந்த சட்டையின் கழுத்து ஒரு பக்கம் இழுபட்டது. வலது தோளிலிருந்து கக்கம்வரை கண்டிப்போய்க் கிடந்தது. நடுவில் கத்தரிக்காய் நிறம், ஓரம் மஞ்சள்.

"என்னடியப்பா இது?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லக்கா. கதவில இடிபட்ட."

கதவில் இடிபட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

யோகமலருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மட்டக்களப்புப் பக்கம் செங்கலடி. உயரம் ஐந்து அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கணவர் தியாகலிங்கம் செங்கலடிச் சந்தியில் தையற்கடை வைத்திருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு இராணுவச் சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துக்கொண்டு போய் ஒன்பதாம் நாள் விட்டார்கள். துவக்கின் பின்கட்டையான பிடங்கால் அடித்ததில் இடது காறை எலும்பு உடைந்து, கோணலாகப் பொருந்தியிருந்தது. தன் சட்டைகளுக்கு இடது தோளை அரை அங்குலம் இறக்கித்தான் அவர் தைத்துக்கொள்வார். அடுத்த வருடம் மனைவியோடும் மகள் நிரூபாவோடும் ரொறன்ரோ வந்து, ஸ்பதைனா தெருவில் ஆண்களுக்குக் கோட் தைக்கும் தொழிற்சாலையில் கைபொருத்தும் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கைகள். அமைதியான மனுஷன். ஆனாலும் அந்தத் தோளைப் பார்த்ததும் நான் நினைத்தது அவரைத்தான்.

அன்று பின்னேரமே அன்ரனெற்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்ரனெற் தமிழ்ப் பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்பில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவள். "அடிக்கிறார் போல கிடக்கு" என்றேன். "போல" என்ற சொல் அன்ரனெற்றின் காதில் விழுந்ததோ தெரியாது. மறுநாள் எங்கள் கட்டடத்தில் நாலு வீட்டுக்கு அந்தச் சொல் இல்லாமல்தான் கதை போயிருந்தது.

உண்மையில் நடந்தது வேறு.

வேரோனிக்கா டிம்மின்ஸ்காரி. ரொறன்ரோவிலிருந்து வடக்கே எழுநூறு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் சுரங்க ஊர் அது. பன்னிரண்டு வயதிலேயே தகப்பனோடு காட்டுக்குப் போய்ப் பறவை சுட்டவள். அங்கே கௌதாரி மாதிரி, ஆனால் அதைவிடப் பெரிதாக, ஒரு பறவை உண்டு. பற்றைக்குள் பதுங்கியிருந்து, காலடியில் வெடித்ததுபோல் எழும்பிப் பறக்கும். 94ஆம் ஆண்டு அப்படி இரண்டைச் சுட்டுத் துப்புரவாக்கி, யோகமலரிடம் கொடுத்தாள். யோகமலர் மிளகும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கறியாக்கிக் கொண்டுவந்தாள். சாப்பிட்டுவிட்டு வேரோனிக்கா, "அடுத்த கிழமை நீயும் வா" என்றாள். யோகமலர் போனாள்.

ஏன் போனாள் என்று பலர் பிறகு கேட்டார்கள். ஒருமுறை காரில் என்னிடம் மட்டும் சொன்னாள்: "அங்க நடக்கக்குள்ள ஒருத்தரும் என்னை அவசரப்படுத்துறல்லக்கா. பறவ எழும்பினா மட்டும்தான் அவசரம்."

அடுத்த வசந்தத்தில் ஸ்காபரோவில் ஒரு சமூக மண்டபத்தில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனாள். இருபத்திரண்டு பேரில் இரண்டே பெண்கள். பாடப்புத்தகத்தின் கடினமான சொற்களுக்கு நிரூபா பொருள் சொன்னாள். சோதனையில் பாஸ். தியாகலிங்கம் தடுக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "படிக்கிற எண்டா படி. காட்டில சுடுற எண்டா சுடு. வீட்டுக்குள்ள துவக்கு வரப்படாது."

சுடுவதற்கு அவளிடம் இருந்தது வேரோனிக்காவின் இறந்துபோன கணவனின் துவக்கு. ஆறடி மனிதன் பாவித்த பன்னிரண்டு கேஜ், அகலக் குழல் கொண்டது. குழலுக்குக் கீழே உள்ள பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றவேண்டும். பறவைக் காலம் தொடங்கமுன் ஒரு சனிக்கிழமை, வேரோனிக்காவுக்குத் தெரிந்த ஒருவரின் பழைய கிரவல் கிடங்கில், சரளைமண் தோண்டிய பள்ளத்தில், களிமண் தட்டுகளை எறிந்து சுட்டுப் பழகினார்கள். ஐம்பது தோட்டா. பிடங்கு நீளம் என்பதால் அது தோளின் குழியில் உட்காராமல் கை எலும்பில் உட்கார்ந்தது. ஒவ்வொரு வெடிக்கும் அங்கேதான் இடித்தது. நிறுத்துவோம் என்று வேரோனிக்கா இரண்டு தரம் கேட்டும் யோகமலர் நிறுத்தவில்லை. ஐம்பதுக்கு மூன்று தட்டு உடைந்தது. கண்டலைக் கணவர் கண்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார் என்ற பயத்தில் வீட்டில் கழுத்து மூடிய சட்டை போட்டாள். என்னிடம் கதவில் இடிபட்டதாகச் சொன்னாள்.

நான் தொலைபேசி எடுத்த அந்தக் கிழமை ஞாயிறு மாலை அன்ரனெற் யோகமலர் வீட்டுக்குப் போனாள். தேநீர் குடித்தாள். பிறகு தியாகலிங்கத்தைப் பார்த்து, "அண்ணை, ஒருக்காக் கடைக்குப் போய் வாறீங்களே? நாங்கள் ரெண்டுபேரும் தனியக் கதைக்கோணும்" என்றாள். அவர் போனார். திரும்பி வந்தபோது மேசையில் பெண்கள் காப்பகம் ஒன்றின் தொலைபேசி எண் எழுதிய தாள் கிடந்தது. அன்ரனெற் போய்விட்டாள். யோகமலர் அழுதுகொண்டிருந்தாள்.

தாளைப் படித்துவிட்டு அவர், "எங்க, காட்டு" என்றார்.

அவள் தோளைக் காட்டினாள். அவர் தொட்டுப் பார்க்கவில்லை. கிட்டக் குனிந்து பார்த்துவிட்டு, "இது பிடங்கு பட்டது" என்றார். "ஆர் அடிச்ச?"

"ஒருத்தரும் அடிக்கல்ல. நான்தான் சுட்ட."

இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. புதன்கிழமை வேலையால் வந்து, கழுத்தில் தொங்கிய அளவுநாடாவையும் கழற்றாமல், "வேரோனிக்கா வீட்டை போவம்" என்றார். அங்கே நிலவறையில் அந்தத் துவக்கைத் தோட்டா இல்லாமல் வெறுமையாக எடுத்துப் பிடித்துக் காட்டச் சொன்னார். அவர் அதைத் தொடவில்லை. நாலு அடி தள்ளி நின்று, கோட் போட்டுப் பார்க்க வந்தவரைப் பார்ப்பதுபோல் யோகமலரைச் சுற்றி வந்தார்.

"கை நீளம் ரெண்டு இஞ்சி கூட" என்றார். "அதுதான் கழுத்த நீட்டுறாய். தோள் மேல ஏறுது. வேற ஆற்றயோ கோட்டப் போட்ட மாதிரி இரிக்கி. இது உனக்குத் தைச்சதில்ல."

"அப்ப விடச் சொல்றீங்களா?"

"விடச் சொன்னா விடுவியா?"

அவள் துவக்கைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"ஊருக்கு நான் பெண்சாதிக்கு அடிக்கிறவன். இனி ஒவ்வொரு மாரிக்கும் இந்தக் காயத்தோட நீ திரிஞ்சா நான் வெளிய இறங்கேலாது. உனக்கு அளவான ஒண்டப் பாப்பம்."

இதெல்லாம் எனக்கு யோகமலர் சொல்லித் தெரிந்தது. அவள் அதைச் சொன்னது காரில், அடுத்த நாள் காலை. வேரோனிக்கா ஓட்டினாள், நான் பின்னால் இருந்தேன். "ஆர் அன்ரனெற் அக்காவுக்குச் சொன்னதோ தெரியா" என்று அவள் முடித்தாள். 401 பெருந்தெருவில் வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. இறங்கி ஓட இடமில்லை.

"நான்தான் சொன்னனான்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று கிழமை காரில் வேரோனிக்காவோடு மட்டும் ஆங்கிலத்தில் பேசினாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நாலாம் கிழமை அவளாகவே பேசினாள். "பாலேஸக்கா, துவக்கு வாங்கப் பொலிசிட்ட அனுமதிப்பத்திரம் எடுக்கோணும். மூண்டு வருஷத்துக்கு மேல என்னைத் தெரிஞ்ச ரெண்டுபேர் சைன் வைக்கோணுமாம். வேரோனிக்கா ஒண்டு. மற்றது நீங்க வைக்கிற." கேள்வியாக அவள் அதைக் கேட்கவில்லை. நான் ஓம் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, தியாகலிங்கத்தையும் சேர்த்து நாலுபேரும் ஒஷாவாவுக்கு வடக்கே இருந்த ஒரு துவக்குக் கடைக்குப் போனோம். பத்திரம் வந்தால்தான் வாங்கலாம், பார்ப்பதற்குத் தடையில்லை. தியாகலிங்கம் மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு வந்தார். நானூறு டொலருக்கு மேலே போகக்கூடாது என்று புருஷனும் பெண்சாதியும் வழியிலேயே பேசி முடித்திருந்தார்கள்.

கடைக்காரர் எழுபதை எட்டியவர். யார் வாங்குவது என்று கேட்டு, யோகமலர் என்றதும், அவளோடு மட்டும் பேசினார். அது எனக்குப் பிடித்தது.

முதலில் யோகமலர் தானாகவே ஒன்றைக் காட்டினாள். ஒற்றைக் குழல், இருபது கேஜ், குழல் அகலம் குறைவு, சின்னது, மலிவு. தூக்கியவுடன் அவள் முகம் மலர்ந்தது. வீடு கூட்டும் தும்புத்தடிப் பாரம்தான் இருக்கும். கடைக்காரர் தலையசைத்தார். பாரம் குறையக் குறைய உதைப்புக் கூடும், துவக்கின் பாரம் வாங்கிக்கொள்ளவேண்டியதை உன் தோள் வாங்கும் என்றார். பிறகு, சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஒன்றைக் கொடுத்தார். உதைப்பு மிகக் குறைவாம். அவள் அதை நெடுநேரம் வைத்திருந்தாள். தொள்ளாயிரம் டொலர். திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாவது, பிள்ளைகளுக்கென்று செய்த புது இருபது கேஜ். நீளம் ஏறத்தாழச் சரி. அதை அவள் பிடித்த விதத்தைப் பார்த்துக் கடைக்காரருக்கு ஏதோ சந்தேகம். துவக்கை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறிய துவாரம் விட்டு, கைகளை நீட்டி, இரண்டு கண்ணும் திறந்தபடி, எதிரே நின்ற அவருடைய மூக்கை அதற்குள்ளால் பார்க்கும்படி அவளிடம் சொன்னார். அவள் பார்த்தாள்.

"எந்தக் கண் தெரியுது?" என்று தியாகலிங்கம் தமிழில் கேட்டார். கடைக்காரரே பதில் சொன்னார். துவாரத்துக்குள்ளால் அவருக்குத் தெரிந்தது அவளுடைய இடது கண். எழுதுவது வலது கையால், பார்ப்பது இடது கண்ணால்; அதனால் வலது தோளில் வைத்தால் குறி தவறும். பெண்களில் இது நிறைய உண்டு, ஒருவரும் சோதிப்பதில்லை என்றார்.

"எத்தனை தட்டு உடைத்தாய்?"

"ஐம்பதுக்கு மூன்று."

"அந்த மூன்றும் தற்செயல்."

வேரோனிக்கா வாய்விட்டுச் சிரித்தாள். யோகமலர் சிரிக்கவில்லை. ஐம்பது தரம் இடி வாங்கியது அவளுடைய தோள்.

சுடும்போது போடும் பாதுகாப்புக் கண்ணாடியின் இடது பக்கத்தில் ஒட்டுத்தாள் ஒட்டிச் சமாளிக்கலாம். ஆனால் நீ புதிதாகத் தொடங்குகிறவள், தோளை மாற்றிப் பழகுவதே நல்லது என்றார் கடைக்காரர். அவள் இடது தோளில் வைத்துப் பார்த்தாள். எழுதாத கையால் சோறு பிசைவது மாதிரி இருந்திருக்கும். ஆனால் கழுத்து நேராக நின்றது. எனக்கே தெரிந்தது.

அதோடு இன்னொரு சிக்கல் வந்தது. பெரும்பாலான துவக்குகள் சுட்ட தோட்டாக்கோதை வலது பக்கமாக எறியும். இடது தோளில் வைத்தால் கோது முகத்துக்கு முன்னால் பறக்கும். கடைக்காரர் யோசித்துவிட்டு உள்ளே போனார். கொண்டுவந்தது பழசு. இருபது கேஜ், இழுத்து ஏற்றுவது, கோதைக் கீழே தள்ளிவிடுவது. முன்னைய சொந்தக்காரர் தன் மனைவிக்காகப் பிடங்கை அறுத்துக் குறுக்கி, முனையில் தடித்த இறப்பர் ஒட்டியிருந்தார். அறுவை ஒழுங்கில்லை. மேற்பூச்சு மரத்தில் இரண்டு நிறமாய் இருந்தது. குறுக்கிய துவக்கை ஆண்கள் வாங்கமாட்டார்கள். ஒன்றரை வருடமாகக் கிடக்கிறது. இருநூற்றெழுபத்தைந்து.

யோகமலர் தோளில் வைத்தாள். கடைக்காரர், "கொஞ்சம் குட்டை" என்றார். வேரோனிக்காவும் ஆமோதித்தாள்.

தியாகலிங்கம் துணிப்பையைத் திறந்து அவளுடைய தடித்த வேட்டை ஜக்கெற்றை எடுத்தார். "இதப் போட்டிட்டுப் பிடி. மாரியில போடுற உடுப்போடதான் அளவெடுக்கோணும்."

ஜக்கெற்றோடு பிடித்தபோது பிடங்கு சரியாகப் பொருந்தியது. கடைக்காரர் தியாகலிங்கத்தை அப்போதுதான் முதன்முறையாக நன்றாகப் பார்த்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். "கோட்டுக்குக் கை வைக்கிறது" என்று இவர் சொல்ல, வேரோனிக்கா மொழிபெயர்த்தாள்.

கடைசியாக ஒரு சோதனை. துவக்கு வெறுமை என்பதைத் திரும்பத் திரும்பத் திறந்து காட்டிவிட்டு, அவளைக் கண்ணை மூடித் தோளில் வைக்கச் சொல்லி, பிறகு கண் திறக்கச் சொன்னார் கடைக்காரர். முன்னால் போய்க் குழலின் மேல்விளிம்பு வழியே அவளுடைய கண்ணைத் தேடினார். பாதிக் கண்தான் தெரிந்தது. கன்னம் வைக்கும் இடம் பள்ளம். அரை அங்குலம் உயர்த்தவேண்டும். அதற்கென்று விற்கும் தோல் உறை அறுபது டொலர்.

"நான் தைப்பன்" என்றார் தியாகலிங்கம். பழுப்புத் தாளும் பென்சிலும் கேட்டு வாங்கினார். துவக்கு மேசையில் கிடந்தது. தாளைப் பிடங்கின் மேல் போட்டு, விளிம்பை விரலால் அழுத்திக் கோடு எடுத்தார். அவர் துவக்கொன்றைத் தொட்டதை நாங்கள் பார்த்தது அப்போதுதான். தொட்டது தாளுக்கு மேலால்.

ஐம்பது டொலர் முற்பணம் கட்டிவிட்டு வந்தோம்.

பத்திரத்துக்கு விண்ணப்பித்து மூன்றாம் கிழமை எனக்குப் பொலிசிலிருந்து தொலைபேசி வந்தது. பெண் குரல். யோகமலரை எத்தனை வருடமாகத் தெரியும், குடிப்பாளா, கோபக்காரியா என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு, "அந்த வீட்டில் அடிதடி ஏதாவது நடந்ததாக அறிந்திருக்கிறீர்களா?"

இல்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் நாலு வீட்டுக்குப் போன கதை, வேறு யாராவது சொன்னால்? என் ஆங்கிலத்தில் ஆனமட்டும் சொன்னேன். "ஒரு கதை இருக்கிறது. அது பொய். அதைக் கட்டினது நான்." அவள் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். கதவு, தோள், அன்ரனெற், கிரவல் கிடங்கு எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எழுதும் சத்தம் கேட்டது.

அதனால் விஷயம் இழுபட்டது. இரண்டு பொலிஸார் வீட்டுக்கு வந்து கணவனையும் மனைவியையும் வேறு வேறாக விசாரித்தார்கள். தியாகலிங்கத்துக்கு நிரூபா மொழிபெயர்த்தாள். மனைவி துவக்கு வாங்குவது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டபோது அவர், "எனக்குத் துவக்கெண்டா புடிக்காது. அவவுக்குக் குடுங்க" என்றாராம். நிரூபா அதை அப்படியே சொல்லாமல், "ஹீ இஸ் ஓகே வித் இற்" என்று சுருக்கிவிட்டாள்.

96 பெப்ரவரியில் பத்திரம் வந்தது. துவக்கு வேரோனிக்காவின் நிலவறையில், பூட்டிய அலுமாரிக்குள் போனது. தோல் உறை மேப்பிள் மரநிறத்தில், பக்கத்தில் நாடா கட்டி இறுக்கும் விதமாக இருந்தது. தையல் ஊசி ஊசியாக ஒரே அளவு. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, வேறு ஆட்களுக்கும் தைத்துத் தரமுடியுமா என்று கேட்டனுப்பினார். தியாகலிங்கம் அந்த வருடம் ஆறு உறை தைத்தார்.

வசந்தத்திலும் கோடையிலும் இடது தோளில் பழகினாள். மே மாதம் இருபத்தைந்துக்கு ஒன்பது தட்டு. ஓகஸ்டில் பதினேழு. ஒருநாள் உடைமாற்றும் அறையில் என்னைக் கூப்பிட்டு, சட்டைக் கழுத்தை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினாள். தோல் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் பழைய பேச்சு ஓரளவு திரும்பியது. முழுக்கத் திரும்பியது என்று சொல்லமாட்டேன்.

ஒக்ரோபரில் பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒருமுறை நானும் போனேன். அன்று சனிக்கிழமை. ஞாயிறில் துவக்கோடு வேட்டையாட அங்கே அப்போது தடை. அதனால் சனிக்கிழமை வேலையை மாற்றிக்கொள்ள அவள் இரண்டு பேரிடம் கேட்டிருந்தாள். கைவிடப்பட்ட மரம் ஏற்றும் பாதையில் நடந்தோம். நான் செம்மஞ்சள் மேற்சட்டையோடு வேரோனிக்காவின் பின்னால். முதற் பறவை எழும்பியபோது யோகமலர் திடுக்கிட்டு நின்றுவிட்டாள். இரண்டாவதைச் சுட்டுத் தவறவிட்டாள். மத்தியானத்துக்குக் கிட்ட, தேவதாருப் பற்றையிலிருந்து மூன்றாவது கிளம்பியது. துவக்கு அவள் கன்னத்துக்குப் போனதை நான் காணவில்லை, வெடித்ததைத்தான் கேட்டேன். பறவை பாதைக்குக் குறுக்கே விழுந்தது.

அவள் துவக்கைத் திறந்து வெறுமையாக்கிவிட்டு நடந்து போய் எடுத்தாள். மகிழ்ச்சியோ கவலையோ ஏதாவது தெரியும் என்று முகத்தைப் பார்த்தேன். இரண்டும் இல்லை. சிறகை விரித்து நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். "சூடாயிருக்குக்கா" என்று என்னிடம் சொன்னாள். பிறகு வேரோனிக்காவிடம் பையைக் கேட்டாள்.

அந்தப் பறவையை ஞாயிறு சமைத்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. தியாகலிங்கம் சாப்பிடும்போது பல்லில் பட்ட சிறு குண்டு ஒன்றை எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாராம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலமும் போனாள். ஒரு வருடம் நாலு பறவை. ஒரு வருடம் ஒன்றுமே இல்லை. 99இல் வேரோனிக்கா ஓய்வெடுத்து டிம்மின்ஸுக்குத் திரும்பினாள். துவக்கும் அவளோடு வடக்கே போனது. அந்த ஒக்ரோபரில் யோகமலர் இரண்டு கிழமை விடுமுறை கேட்டாள். விடுமுறைப் படிவத்தில் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. நாங்கள் எல்லோரும் வழக்கமாகக் குடும்ப அலுவல் என்றுதான் எழுதுவோம். அவள் பறவை வேட்டை என்று எழுதிக் கொடுத்தாள். புதிய மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, அவளை மேலும் கீழும் பார்த்து, உண்மையாகவா என்று கேட்டார். அவள் ஓம் என்று தலையாட்டினாள். அவர் கையெழுத்து வைத்தார். டிம்மின்ஸ் பஸ்ஸுக்கு நான்தான் அவளைக் கொண்டுபோய் விட்டேன்.